நல்ல பீர் தேடும் குமரிக்காரருக்கு: டாஸ்மாக்கா, பாறசாலை தாண்டியா, பாண்டிச்சேரியா, பெங்களூரா?

மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு தம்பி போன மாதம் கேட்டான். "அண்ணா, பெங்களூர்ல இருந்தப்ப வாரம் ஒரு தடவை வீட் பீர் குடிப்பேன். இப்ப ஊரோட வந்துட்டேன். நம்ம பக்கம் அது மாதிரி எங்க கிடைக்கும்?" கொஞ்ச நாளில் தக்கலையில் இருந்து ஒரு பெரியவர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வேறு மாதிரி கேட்டார். "கிராஃப்ட் பீர்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒரு தடவையாவது ருசி பார்க்கணும் தம்பி. எங்க போனா காசு வீணாகாது?"

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு. தம்பிக்குத் தனக்குப் பிடித்தது வீட் பீர், அதாவது கோதுமை பீர் என்று தெரியும், அது கைக்கு எட்டவில்லை. பெரியவருக்கு, சின்ன அளவில் பக்குவமாகக் காய்ச்சும் இந்த கிராஃப்ட் பீரில் தனக்குப் பிடித்தது எது என்றே இன்னும் தெரியாது. நம் மாவட்டத்தில் இப்படி மாட்டிக்கொண்டு யோசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நானே போய்ப் பார்த்து, குடித்துப் பார்த்து வைத்திருக்கும் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

ஏற்கெனவே அளவோடு குடிப்பவர்களுக்காக எழுதுவது இது. குடிக்காதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவர்களுக்கும் கடைசியில் ஒரு வழி சொல்லியிருக்கிறேன், அது எனக்கு மிகவும் பிடித்த வழியும்கூட.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வருவது, இறக்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. இதைக் குமரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பனையில் இருந்து இறக்கிய அக்கானிக்கும் (பதநீர்), வெயில் ஏறிய பிறகு ரோட்டோரம் வாங்கும் அக்கானிக்கும் உள்ள வித்தியாசம் நம் நாக்குக்குத் தெரியும். பீரும் அப்படித்தான். முளைவிட்ட பார்லியான மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, நொதிக்க வைக்கும் ஈஸ்ட், தண்ணீர் என்ற நான்கும் சேர்ந்து உண்டாகும் மணம் நாளாக நாளாக மங்கும். ஹாப்ஸ் பூவின் எலுமிச்சை மணம்தான் முதலில் போகும். சூட்டில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் போகும். ரொம்பப் பழையதாகிவிட்டால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். அதைத்தான் பலர் "பீர்னாலே இப்படித்தான் இருக்கும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, சின்ன அளவில் பல வகை கிடைக்குமா என்பது. தனக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் இதைவிட முக்கியமான விஷயம் இல்லை. ஒரு 650 மில்லி பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கு அது ஒன்றோடு முடிந்தது. அடுத்த வாரம் இன்னொன்றைத் திறக்கும்போது முதலில் குடித்தது நினைவில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாய் இது, ஒரு வாய் அது என்று மாற்றி மாற்றிக் குடித்தால்தான் "ஓ, இதுதான் எனக்கு" என்று மனசு சொல்லும்.

மூன்றாவது, கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா என்பது. நான்காவது மொத்தச் செலவு. மெனுவில் இருக்கும் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. வரி, பயணம், அறை, போய்வரும் நாளின் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். ஐந்தாவது சட்டமும் வீடு திரும்பும் வழியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு பெரிய பாட்டிலே அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடலாம். அதனால் நான் சொல்லும் எல்லா வழிக்கும் பஸ்ஸும் ரயிலும்தான் கணக்கு. பைக் சாவியை வீட்டில் வைத்துவிடுங்கள்.

## வழி 1: பக்கத்து டாஸ்மாக்

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில்தான். நாகர்கோவிலோ குழித்துறையோ, அலமாரியில் இருப்பது ஏறக்குறைய எல்லாமே லாகர் வகை. குறைந்த சூட்டில், 8 முதல் 12 டிகிரிக்குள், வாரக்கணக்கில் மெதுவாக நொதிக்க வைப்பது லாகர். அதில் தப்பு எதுவும் இல்லை. நன்றாகச் செய்த லாகர் தெளிவாக, சுத்தமாக இருக்கும். ஆனால் கிராஃப்ட் பீர் என்று நாம் தேடும் பழ மணமும் வறுத்த வாசனையும் பெரும்பாலும் ஏல் என்ற மற்றக் குடும்பத்தில் இருக்கிறது. அது கொஞ்சம் கூடுதல் சூட்டில், 18 முதல் 22 டிகிரியில், சில நாட்களிலேயே நொதித்துவிடும். அந்தக் குடும்பம் இங்கே கிடைப்பது அபூர்வம்.

அடுத்தது "ஸ்ட்ராங்". 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளவை இவை. ருசிக்காகக் குடிப்பவருக்கு இதில் கிடைப்பது குறைவு. இனிப்பும் காரமும் மேலோங்கி மற்றதெல்லாம் அமுங்கிப்போகும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு பாட்டிலின் வயது. சில வருடம் முன்பு ஒரு கடையில் வெளிநாட்டு முத்திரை போட்ட பச்சைப் பாட்டில் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கண்ணாடி அலமாரியில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே அழகாக நின்றுகொண்டிருந்தது. வீட்டில் திறந்ததும் நனைந்த ரப்பர் ஷீட்டைக் குவித்து வைத்த மாதிரி ஒரு நாற்றம். ரப்பர் தோட்டம் உள்ள ஊரில் இருக்கிறோம், அந்த வாசனையை நான் தவறாகச் சொல்ல வாய்ப்பில்லை. காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து கந்தகம் கலந்த ஒரு சேர்மமாக மாறிவிடும். வெயில் மட்டும் என்று இல்லை, டியூப்லைட் வெளிச்சமே போதும். பழுப்புக் கண்ணாடி அதை ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. விலை கூடியது நல்லது என்ற நம்பிக்கையில் போட்ட காசு அன்றைக்கு வாஷ்பேசினில் போனது.

ஆகவே டாஸ்மாக்கில் வாங்குவதாக இருந்தால், பழுப்புப் பாட்டிலோ கேனோ எடுங்கள். தயாரித்த தேதியைப் பார்த்து, இருப்பதில் புதியதைக் கேளுங்கள். கூட்டமில்லாத மதிய நேரத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் ஐஸ் மாதிரி குளிரவிட்டுக் குடிக்காதீர்கள். நாக்கு மரத்துப்போனால் எந்த பீரும் ஒன்றுதான். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்து, பாட்டிலோடு குடிக்காமல் கண்ணாடி டம்ளரில் நுரை வர ஊற்றுங்கள். மணம் நுரை வழியாகத்தான் வரும். மூன்று பேர் சேர்ந்து இரண்டு வகை வாங்கிப் பங்கிட்டுக் குடித்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

தனக்கு லாகர்தான் பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு இந்த வழி போதும். தேடுபவருக்குப் போதாது.

## வழி 2: பாறசாலை தாண்டி

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தப் பக்கத்தோடுதான் இருந்தோம். இன்றைக்கும் கல்யாணம், ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று திருவனந்தபுரத்துக்குப் போய்வருவது நமக்கு வெளியூர்ப் பயணமாகத் தோன்றுவதில்லை. நாகர்கோவிலில் இருந்து ரயிலில் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

அங்கே கேரள அரசின் மது விற்பனை நிறுவனமான பெவ்கோவின் பிரீமியம் கடைகளில் சூப்பர் மார்க்கெட் போல உள்ளே போய், பாட்டிலைக் கையில் எடுத்து, பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்கலாம். நம் ஊர் கவுன்டர் கம்பிக்கு வெளியே நின்று விரல் காட்டி வாங்கிப் பழகியவருக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கேயும் கிடைப்பது பாட்டில். புதுசா பழசா என்ற கேள்வியும், முழுப் பாட்டிலாக வாங்க வேண்டும் என்ற கேள்வியும் அப்படியே நிற்கும்.

மறைந்திருக்கும் சிக்கல்கள் மூன்று. கேரளத்தில் மது வாங்க வயது 23 ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 21. கல்லூரி முடித்த கையோடு போகும் பையன்கள் இதில் மாட்டுவார்கள். மாதத்தின் முதல் தேதி அங்கே கடை கிடையாது. சம்பளம் வந்த உற்சாகத்தில் கிளம்பிப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவதுதான் பெரிது. அங்கே வாங்கிய பாட்டிலை இங்கே கொண்டுவரக் கூடாது. ஒரே ஒரு பாட்டில்தானே என்று பையில் போட்டு வருவார்கள். களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பை திறந்தால் பாட்டிலோடு நிம்மதியும் போகும். அங்கே வாங்கினால் அங்கேயே, அனுமதி உள்ள இடத்தில் குடித்து முடிக்க வேண்டும்.

இனி ஷாப்பு, அதாவது கேரளத்துக் கள்ளுக்கடை. கிராஃப்ட் என்ற சொல்லுக்குக் கைப்பக்குவம் என்று பொருள் கொண்டால் கள்ளைப் போல ஒன்று வேறில்லை. ஈஸ்ட் வாங்கிப் போட வேண்டியதில்லை. காற்றிலும் பானையிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காமல் அக்கானியாகவே நிற்கும், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பில்தான் இரண்டும் பிரிகின்றன. காலையில் இனிப்பு, மதியம் இனிப்பும் புளிப்பும், சாயங்காலம் நல்ல புளிப்பு, மறுநாள் காடி. ஒரே பானம் ஒரே நாளில் நான்கு ருசி காட்டும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பனையேறி குடும்பங்கள் இவ்வளவு பேர் வாழும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, கள் ருசி பார்க்க எல்லை தாண்ட வேண்டியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

ஆனால் ஷாப்புக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்தின் மற்ற மாவட்டங்களில் விற்கும் கள்ளில் பெரும்பங்கு பாலக்காடு, சிற்றூர்ப் பக்கம் இருந்து வண்டியில் வருவது. திருவனந்தபுரம் வந்து சேர்வதற்குள் மணிக்கணக்கு ஆகிவிடும். பக்கத்துத் தோப்பில் இறக்கியதா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். கடைக்காரர் மரத்தைக் கை காட்டினால் அதுதான் உங்கள் இடம். மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் பக்கத்தில் இருந்தால் அந்த மதியத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

## வழி 3: பாண்டிச்சேரி

தன் பீரைத் தானே காய்ச்சி விற்கும் ப்ரூபப் பாண்டிச்சேரியில் உண்டு, கட்டமரான் அவற்றில் தெரிந்த பெயர். தமிழ் பேசிக்கொண்டே கிராஃப்ட் பீர் குடிக்கலாம் என்பது மொழி தெரியாத ஊருக்குப் போகத் தயங்கும் பெரியவர்களுக்கு நல்ல வசதி. கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, குடும்பத்தோடு போனால் மற்றவர்களுக்கும் பொழுது போகும்.

குறை, தூரத்துக்கு ஏற்ற பலன் இல்லாதது. கன்னியாகுமரியில் இருந்து நேர் ரயில் வாரம் ஒன்றுதான். மற்ற நாளில் பஸ்ஸிலோ விழுப்புரத்தில் இறங்கி மாறியோ போக வேண்டும். அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க ஓரிரு இடங்களே இருக்கும். எப்படியும் பாண்டிச்சேரிக்கு ஒரு வேலையாகப் போகிறவர் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கலாம். பீருக்காக மட்டும் கிளம்புகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 4: பெங்களூர்

இந்தியாவின் தொடக்ககால கிராஃப்ட் பீர் ப்ரூபப்களில் ஒன்று 2009-இல் பூனாவில் வந்த டூலாலி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெங்களூர் அந்த வழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. இந்திராநகர் டாய்ட், மிச்சிகனில் உள்ள ஆன் ஆர்பரில் இருந்து வந்த ஆர்பர் ப்ரூயிங், ஒயிட்ஃபீல்டில் இசை மேடையோடு இருக்கும் விண்ட்மில்ஸ் என்று தொடங்கி, இன்றைக்கு ஊரின் மூலை முடுக்கெல்லாம் கிடைக்கிறது. பீர் காய்ச்சும் செம்பு, ஸ்டீல் தொட்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் அங்கேயே நிற்கும். தொட்டியில் இருந்து உங்கள் மேஜைக்குச் சில அடி தூரம். இறக்கிய நேரம் என்ற முதல் அளவுகோலில் பீருக்கான மற்ற எல்லா வழியும் இதற்குக் கீழேதான்.

அடுத்தது ருசி பார்க்கும் பலகை. "டேஸ்டர்", "சாம்ப்ளர்" என்று கேட்டால் போதும். ஒரு மரப்பலகையில் குழி வெட்டி, ஐந்தோ ஆறோ சின்னக் கண்ணாடிகளை வைத்துக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஆறும் சேர்ந்து நம் ஊர் ஒரு பாட்டில் அளவுதான் வரும். குடிக்கும் அளவு அதேதான், கிடைப்பது ஆறு ருசி. கண்டுபிடிக்க நினைப்பவர் ஆயிரம் கிலோமீட்டர் போகலாம் என்றாலும் நியாயம்தான், பெங்களூர் அதைவிடப் பக்கம்.

நான் முதல் தடவை அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்தது ஒரு புதன்கிழமை மதியம். இடது ஓரக் கண்ணாடியில் ஹெஃபவைசன், ஜெர்மன் முறை வீட் பீர், இதுவும் ஏல் குடும்பம்தான். வடித்த கஞ்சி போலக் கலங்கி, மேலே வெள்ளை வெளேரென்று நுரை. மூக்கருகே கொண்டுபோனதும் சட்டென்று வீட்டு ஞாபகம் வந்தது. மட்டிப்பழம். திண்ணைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்ட குலை பழுக்கத் தொடங்கும்போது வருமே, அதே வாசனை. ஒரு வாய் குடித்ததும் அதற்குப் பின்னால் மெலிதாகக் கிராம்பு. பரிமாறிய பையனிடம், வாழைப்பழமும் கிராம்பும் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். இரண்டும் இல்லை, அது ஈஸ்ட் உண்டாக்கும் மணம் என்றான். வாழைப்பழத்தில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிடேட்டைத்தான் அந்த ஈஸ்ட்டும் நொதிக்கும்போது வெளிவிடுகிறது. கிராம்பு மணத்துக்கு வேறொரு சேர்மம். நொதிக்கும் சூடு கூடினால் பழ மணம் தூக்கலாகவும், குறைந்தால் கிராம்பு தூக்கலாகவும் வரும்.

நம் மாவட்டத்தின் மட்டி வாழைக்கும் கிராம்புக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்த இரண்டு வாசனையையும் சின்ன வயதில் இருந்து அறிந்த மூக்கு நம்முடையது. வீட் பீரைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

அடுத்த கண்ணாடி பெல்ஜியன் விட். அதில் உண்மையாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள். அப்புறம் ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் என்ற வகை. ஹாப்ஸ் கசப்பு முன்னால் நிற்கும். நார்த்தங்காய் ஊறுகாய் பிடித்தவருக்கு இது பிடிக்க வாய்ப்பு உண்டு, மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். கடைசியில் ஸ்டவுட், கறுப்பு. கருக வறுத்த பார்லியில் செய்வது. கருப்பட்டிக் காப்பியை ஆறவிட்டுக் குடித்திருக்கிறீர்களா? அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ருசி.

பலகையை இடமிருந்து வலமாக, மென்மையில் இருந்து கடுமைக்குப் போகிற வரிசையில் குடியுங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் அதன் பின்னால் வீட் பீர் தண்ணீர் போலத் தோன்றும். நடுநடுவே தண்ணீர் குடிக்க வேண்டும். வந்து உட்கார்ந்ததும் சில்லி சிக்கன் சொல்லாதீர்கள். மிளகாய் எரிச்சல் நாக்கில் இருக்கும்வரை எந்த மணமும் பிடிபடாது. வெறும் வயிறும் கூடாது. காரமில்லாத ஏதாவது சாப்பிட்டுவிட்டு ருசி பார்த்து முடியுங்கள், அப்புறம் மிளகாய். ஸ்டவுட்டை மட்டும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருந்து சூடு ஏற்றுங்கள். குளிர் குறைந்ததும் சாக்லேட் வாசனை மேலே வருவது தெரியும். மறக்காமல் ஃபோனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். "மட்டி, கிராம்பு, இன்னொன்று வேணும்" என்று நான் எழுதிய வரி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இனி செலவு. ரயில் டிக்கெட் பெரிய செலவில்லை. நாகர்கோவிலில் சாயங்காலம் கிளம்பி மதுரை, சேலம் வழியாகக் காலையில் போய்ச் சேரும் ரயில் உண்டு. கன்னியாகுமரியில் இருந்து திருவனந்தபுரம், பாலக்காடு வழியாகச் சுற்றிப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்பி மறுநாள் காலையில் சேர்க்கும். ஊரின் நடுவில் உள்ள மெஜஸ்டிக் பக்கம் இறங்கினால் ஊதா வழி மெட்ரோ, இந்திராநகரையும் ஒயிட்ஃபீல்டையும் நேராகத் தொடும். ஆட்டோ பேரம் வேண்டியதில்லை.

காசு போவது பில்லில்தான். அங்கே ஒரு அரை லிட்டர் குவளைக்குக் கொடுப்பதில் இங்கே ஏறக்குறைய இரண்டு பாட்டில் வாங்கலாம். மெனு விலைக்கு மேல் வரி, சில இடங்களில் சேவைக் கட்டணம், சாப்பாடு. வெள்ளி, சனி இரவு போனால் இன்னொரு செலவும் உண்டு. கூட்டமும் சத்தமும் தாங்காது, பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. செவ்வாய், புதன் மதியம் போங்கள். அந்த நேரத்தில் கேட்டால் பலகை வாங்காமலேயே ஒரு வாய் ருசி பார்க்கத் தரும் இடங்களும் உண்டு. தொட்டியைக் காட்டி விளக்கும் ஆளும் அப்போதுதான் கிடைப்பார்.

இரவு ரயிலில் திரும்புவதாக இருந்தால் மதியமே முடித்துக்கொள்ளுங்கள். ரயிலில் போதையில் இருப்பது 1989 ரயில்வே சட்டப்படி குற்றம். அதைவிட, மேல் பெர்த்தில் தலைவலியோடு பதினான்கு மணி நேரம் கிடப்பது நல்ல நினைவை எல்லாம் கெடுத்துவிடும்.

## வீட்டிலேயே செய்யலாமா?

இணையத்தில் பீர் செய்யும் முறைகளும் சாமான்களும் கிடைக்கின்றன, செய்து பார்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஐந்து லிட்டர் வீட் பீர் என்றாலும் சட்டத்துக்கு அது காய்ச்சியதுதான்.

## வழி 5: குடிக்காமலே

வீட்டில் பிரார்த்தனையும் மதுவிலக்கும் உறுதியாக உள்ள குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஒரு பாட்டில் பீர் அங்கே உண்டாக்கும் மனக்கசப்பு எந்தப் பில்லிலும் வராத செலவு. மருந்து சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் தொல்லை உள்ளவர்கள், குடியை விட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பகுதி.

ஆல்கஹால் நீக்கிய 0.0 பீர் ஹைனகன், பட்வைசர் பெயர்களில் வருகிறது. சூப்பர் மார்க்கெட்டிலும் இணையத்திலும் கிடைக்கும். லாகர் ருசியின் நிழல் அதில் உண்டு. பழகிய வாய்க்கு ஒரு மாற்று என்பதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

அக்கானி வேறு. இறக்கிய நேரம், சின்ன அளவு, பதில் சொல்ல ஆள் என்று நான் மேலே போட்ட அளவுகோல் எல்லாவற்றிலும் பெங்களூருக்குச் சமமாக நிற்பது, நம் ஊரிலேயே கிடைப்பது இது ஒன்றுதான். வருடத்தின் முதல் பாதியில்தான் பருவம். ஒரு பனையேறியைத் தெரிந்து வைத்துக்கொண்டு, விடிகிற நேரத்தில் பனைமூட்டுக்கே போய்விடுங்கள். கலயத்தில் இருந்து ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார். பட்டையின் பச்சை வாசனை, அடியில் சுண்ணாம்பின் லேசான உறுத்தல், அப்புறம் அந்த இனிப்பு. அடுத்த மரத்து அக்கானியை வாங்கிக் குடித்துப் பாருங்கள். மரத்துக்கு மரம் ருசி மாறும் என்று பனையேறிகள் சொல்வது உண்மை என்று தெரியும். கேட்டால் எந்த மரம் ஏன் இனிப்பு என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பீர் காய்ச்சும் எந்த ப்ரூமாஸ்டருக்கும் குறையாத அறிவு அது. அங்கேயே காய்ச்சிக் கொண்டிருந்தால் கருப்பட்டி ஆவதற்கு முந்தின பதத்தில் இருக்கும் கூப்பனியையும் ஒரு கரண்டி கேட்டு வாங்குங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | டாஸ்மாக் | திருவனந்தபுரம் | பாண்டிச்சேரி | பெங்களூர் | அக்கானி |
|---|---|---|---|---|---|
| புதுசு | தேதி பார்க்க வேண்டும் | பாட்டில் அதே கதை. கள் என்றால் கேட்டு வாங்க வேண்டும் | நன்று | மிக நன்று | அந்த நிமிடம் |
| சின்ன அளவில் பல வகை | இல்லை | பாட்டிலில் இல்லை | உண்டு, இடங்கள் குறைவு | நிறைய | மரத்துக்கு மரம் |
| விளக்க ஆள் | இல்லை | ஷாப்பில் உண்டு | உண்டு | உண்டு, கூட்டமில்லாத நாளில் | உண்டு |
| பயணம் | இல்லை | அரை நாள் | இரண்டு, மூன்று நாள் | இரண்டு இரவு ரயில் | விடியலில் எழ வேண்டும் |
| மறைந்த செலவு | பழைய பாட்டில் | எல்லைச் சோதனை, வயது 23, முதல் தேதி | தூரம் | வரி, கூட்டம் | பருவம் முடிந்தால் கிடையாது |

## யாருக்கு எது

தக்கலைப் பெரியவருக்குப் பெங்களூர் என்று சொன்னேன். மகளைப் பார்க்க எப்படியும் அங்கே போவார், மருமகனும் கூட வருவார் என்பதால் அறைச் செலவும் இல்லை. வருடம் முழுக்க விலை கூடிய பாட்டிலாக வாங்கித் தேடுவதைவிட, ஒரு மதியம் ஒரு பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டால் விஷயம் முடிந்தது. டாக்டரிடம் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கேட்டுவிட்டுத்தான் போனார்.

மார்த்தாண்டத்துத் தம்பிக்கு வேறு பதில். அவனுக்கு வேண்டியது வீட் பீர்தான் என்று அவனுக்கே தெரியும், அது இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக ஸ்ட்ராங் குடித்து ஆறுதல் அடைய வேண்டாம் என்றேன். வருடத்தில் இரண்டு தடவை பழைய நண்பர்களைப் பார்க்கப் போகும்போது குடிக்கட்டும். நடுவில் ஒரு நாள் பஸ்ஸில் பாறசாலை தாண்டி, மரத்தைக் கை காட்டும் ஷாப்பு ஒன்றைக் கண்டுபிடிக்கட்டும். ஏல் பிடித்தவருக்குப் புதுக்கள் பிடிக்கும் என்பது என் அனுபவம். இரண்டிலும் ஈஸ்ட் பேசுவது நேராகக் காதில் விழும். பனைப் பருவம் வந்தால் அவன் வீட்டுக்குப் பின்னாலேயே பனை இருக்கிறது.

பெரியவர் திரும்பி வந்து அழைத்தார். வீட் பீர் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். "அது கொள்ளாம் தம்பி, ஆனா கடைசில ஒரு கறுப்பு தந்தான் பாரு" என்றார். அம்மா போட்டுத் தரும் கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்ததாம். 100 மில்லியைக் குடிக்க அரை மணி நேரம் ஆயிற்றாம். மருமகன் இன்னொன்று சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, போதும் என்று சொல்லிவிட்டு அந்தக் காலிக் கண்ணாடியை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்தாராம்.